அக்கா வீட்டு கேட்டில் நான் போட்ட பச்சைத் துண்டு

அக்கா போய் வருடம் ஒன்று திரும்பிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கிற உறவுகளுக்கும், எங்கள் பிளாக்கில் குடியிருந்தவர்களுக்கும், கேண்டீனில் அக்காவோடு நின்று வேலை பார்த்தவர்களுக்கும் என் வணக்கம்.

நான் அக்காவின் கூடப்பிறந்த தங்கை. மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். "சித்தி, அம்மாவப் பத்தி நீ சொல்லு, நான் எழுதிக்கறேன்" என்று அக்காவின் மகன் குமரன் கேட்டான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு எழுத்து மெதுவாக வரும், ஆனால் வரும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொல்லி, காலையில் கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம் என்று எழுதி முடித்தேன். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள், விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லித்தான் கொடுத்தேன். இந்த மாதிரி மலரில் நல்லதைத்தான் எழுதுவார்கள். நான் செய்த கெட்டது ஒன்றும் இதில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அக்கா எப்படிப்பட்டவர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா பிறந்தது சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வெள்ளாற்றங்கரை ஊர். அப்பாவும் அம்மாவும் கூலிக்காரர்கள். எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. அக்காவுக்கு ஒன்பது வயதில் நடவுக்குப் போகிற வேலை வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளில் ஒன்றையாவது பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம் என்று அப்பா சொன்னபோது, "அவ போவட்டும்" என்று என்னைக் காட்டியவர் அக்காதான். நான் படித்த மூன்று வகுப்பும் அவர் சேற்றில் நின்றதால் வந்தது. அதில் கற்ற எழுத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவைக் கட்டிக்கொண்டபோது மாமாவுக்கு மைன்ஸில், நிலக்கரிச் சுரங்கத்தில், கான்ட்ராக்ட் வேலை. கல்யாணமாகி நான்காம் வருடம் பெர்மனன்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். ஒரு அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் இரண்டு தென்னை, ஒரு பலா. குடிபோன அன்றைக்கு அக்கா குழாயைத் திறந்துவிட்டு மூடாமலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். "ஏம்மே, தண்ணி தீந்துறப் போவுது" என்று மாமா சிரித்தாராம். இதை அக்கா சொல்லும்போதெல்லாம் அவரும் சிரிப்பார்.

குமரன் ஏழாவது படிக்கும்போது மாமா மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அந்த வேலைக்குப் பதிலாக அக்காவுக்கு மைன்ஸ் கேண்டீனில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தார். இரண்டாவது சம்பளத்துக்குள் குமரனிடம் கேட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். அந்த ஐந்து எழுத்தைத் தவிர வேறு எதுவும் அவருக்குக் கடைசிவரை எழுத வராது. ஆனால் கேண்டீனில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை தட்டு கழுவ வேண்டும், எத்தனை வடை மிச்சம் என்று அவர் வாயால் சொன்னால் யாரும் மறுத்து எண்ணமாட்டார்கள்.

ஷிப்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு. நமக்கு அடுத்து வேலைக்கு வருகிற ரிலீவர் வந்து நிற்காமல் நாம் இடத்தை விட்டு நகரக் கூடாது. நிறைய பேர் பத்து நிமிஷம் முன்னால் பஸ்ஸுக்குப் போய் நிற்பார்கள். அக்கா ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. முந்திரித் தோப்பெல்லாம் சாய்ந்து போன அந்தப் பெரும்புயலில் கம்பெனி பஸ் வராமல், ரிலீவரும் வராமல், இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல அடுப்படியில் நின்றவர் அவர். திரும்பி வந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தது. "பசியோட மைன்ஸ்ல இருந்து மேல வர்றவனுக்குப் புயல்னா தெரியுமா?" என்று கேட்டார்.

என் கதையையும் ஒரு வரி சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எனக்குப் பிள்ளை இல்லை என்பதால் அந்த வீட்டில் எனக்கு இடம் இல்லாமல் போயிற்று. பத்து நாள் இருந்துவிட்டு வேறு வழி பார்க்கலாம் என்று ஒரு பையோடு அக்காவின் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். பத்தொன்பது வருடம் இருந்தேன். குமரன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இனி ரம்யாவைப் பற்றிச் சொல்கிறேன்.

ரம்யாவின் அம்மா வள்ளி, அக்காவோடு கேண்டீனில் கான்ட்ராக்டில் இருந்தவர். புருஷன் இல்லை. கான்ட்ராக்ட் முடிந்ததும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். கம்பெனி கொடுத்த அறையில் நான்கு பெண்களோடு ஐந்தாவதாகப் படுத்திருந்தார். ரம்யா பல்கலைக்கழகத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனை செய்கிற படிப்பு. கடைசி வருடத்தில் மெஸ் பாக்கி சேர்ந்துவிட்டது. அம்மாவிடம் கேட்கக் கூசி, போனிலேயே கடன் கொடுக்கிறார்களாமே, அதில் வாங்கிக் கட்டிவிட்டாள். வாங்கியது கொஞ்சம், அவர்கள் கேட்டது அதைப் போலப் பல மடங்கு. அவள் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் கூப்பிட்டு, கூடப் படிக்கிறவர்களிடமும் பாடம் நடத்துகிறவர்களிடமும் அவளைப் பற்றி அசிங்கமாகப் பேசியிருக்கிறார்கள். அந்த அவமானத்தில் கடைசி இரண்டு பரீட்சையை எழுதாமலே ஹாஸ்டலை விட்டு வந்துவிட்டாள்.

அது பலாப்பழ சீசன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கு ஆஃப். பின்னால் பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தோம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட். பக்கெட்டுக்குள் தலையணை. அப்படி வந்து நின்றாள்.

"பெரிம்மா, பத்து நாளு. அதுக்குள்ள வேற எடம் பாத்துக்குறேன்."

"மொதல்ல குந்து" என்றார் அக்கா. "கையில எண்ண தடவிக்க. சுளை எடு."

அன்றைக்கு அவளிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவளே எல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் நாலு தரம் அடித்தது. அக்கா அதை வாங்கி அணைத்து, அரிசி டிரம்மில் போட்டு மூடினார்.

"அவன் கத்தட்டும், அரிசி கேட்டுக்கினு இருக்கும்" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தப் பெண் அன்றைக்குத்தான் சிரித்தாளாம். பிற்பாடு சொன்னாள்.

அன்றைக்கே அக்காவின் போனில் வள்ளியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லவைத்தார். அம்மாவும் மகளும் அழுது முடிக்கும்வரை வெளியே போய் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவின் போனில்தான் இருவரும் பேசிக்கொள்வார்கள்.

எனக்குப் பிடிக்கவில்லை. இதை மறைக்க மாட்டேன். இரண்டு பேர் இருக்கிற ஒற்றை அறை வீட்டில் மூன்றாவது ஆள். சரி, வந்ததுதான் வந்தாள், பாத்திரமாவது கழுவட்டும் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் அவளும் தானாகவே கழுவ உட்கார்ந்தாள். அக்கா தடுத்துவிட்டார்.

"நீ வேலைக்கு வந்தியா, வூட்டுக்கு வந்தியா?"

"வூட்டுக்குத்தான் பெரிம்மா."

"அப்ப உன் தட்ட நீ கழுவு. என் தட்ட நான் கழுவுறேன். அவ" என்று என்னைக் காட்டி, "அவ தட்ட அவ கழுவுவா. மூணு பேருக்கும் கை இருக்குது. நீ பொஸ்தகத்த எடு."

கட்டில் வீட்டில் ஒன்றுதான். அக்காவுக்கு நைட் ஷிப்ட் என்றால் இரவு ரம்யாவுக்குக் கட்டில். காலையில் அக்கா வந்ததும் அவள் எழுந்து மடித்து வைத்துவிடுவாள். "நீ எனக்கு ரிலீவர், நான் உனக்கு ரிலீவர்" என்பார் அக்கா. எனக்கு எப்போதும் கூடத்துப் பாய். கட்டிலை எனக்குக் கொடுக்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம். கட்டிலில் படுத்தால் இடுப்பு வலிக்கிறது என்று கட்டிலை வேண்டாம் என்றவளே நான்தான். அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

பத்து நாள் மூன்று மாதம் ஆயிற்று. அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். குவார்ட்டர்ஸில் ஆள் வைத்து வாடகை வாங்கக் கூடாது. அப்படிச் செய்கிறவர்கள் சிலர் உண்டு, சோதனைக்கு ஆள் வருவதும் உண்டு. எதிர் வீட்டு அம்மா கோயம்புத்தூர்ப் பக்கம். நல்லவர்தான். ஒருநாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டுவிட்டார்.

"ஏனுங்கக்கா, அந்தப் புள்ள உங்கூட்ல வாடகைக்கு இருக்குதுங்ளா?"

எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. எங்களைப் பார்த்து ஒருவர் அப்படிக் கேட்பதா? அன்றைக்கே ரம்யாவிடம், "வாசல்ல நிக்காத. முன்பக்கக் கதவத் தொறக்காத" என்று சொன்னேன். மறுநாளில் இருந்து இன்னொரு வேலையும் செய்தேன்.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிற ஆள் இருக்கிற வீட்டு கேட்டில் ஒரு துண்டு தொங்கும். துண்டைப் பார்த்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். காய்கறிக்காரர் குரலை இறக்கிக்கொண்டு தாண்டிப் போவார். சிலிண்டர் கொண்டுவருகிறவர் அடுத்த வீட்டில் சொல்லிவிட்டுப் போவார். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விடும். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. தூக்கம் கெட்டு மறுநாள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும். அதனால் அந்தத் துண்டுக்கு அவ்வளவு மரியாதை. எங்கள் வீட்டுத் துண்டு பச்சை, ஓரத்தில் மஞ்சள் கோடு.

அக்கா காலை ஷிப்டுக்குப் போன நாட்களிலும் நான் அந்தத் துண்டை கேட்டில் போட்டேன். யாரும் வரக் கூடாது, யாரும் கேட்கக் கூடாது, அந்தப் பெண்ணை யாரும் பார்க்கக் கூடாது. அக்கா கம்பெனி பஸ்ஸில் இறங்கி வருகிற நேரத்துக்கு முன்னால் எடுத்து மடித்து வைத்துவிடுவேன். ஒரு மாதம் இப்படி நடந்தது. அக்காவுக்குத் தெரியாது. உள்ளே படித்துக்கொண்டிருந்த ரம்யாவுக்கும் தெரியாது.

விட்டுப்போன இரண்டு பரீட்சையையும் மறுபடி எழுத அவள் பணம் கட்ட வேண்டும். கடைசித் தேதி நெருங்கியது. அந்தத் தடவை விட்டால் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குள் வள்ளி அவளைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய் மிஷினில் உட்கார வைத்துவிடுவார், படிப்பு அத்தோடு போய்விடும். இது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அக்கா தான் கட்டுவதாகச் சொன்னார். வள்ளி போனிலேயே மறுத்துவிட்டார். "சோறும் எடமும் நீ குடுக்குற. பரீட்சைப் பணமாவது நான் கட்டிக்குறேன், அத வுட்டுடுக்கா" என்றார். அக்கா வற்புறுத்தவில்லை. யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன் என்று வள்ளி சொல்லியிருந்தார்.

கடைசித் தேதிக்கு முதல் நாள். அக்கா காலை ஷிப்ட். மதியம் இரண்டரை மணிக்குத் துண்டை எடுக்க கேட்டுக்குப் போனேன். கேட்டுக்கு உள்பக்கமாக ஒரு துணிப்பை வைத்திருந்தது. வாய் சுருக்கி முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே இரண்டு பனியன் துணி நைட்டி, ஒரு பொட்டலம் முறுக்கு. யாருடையதோ என்று உள்ளே கொண்டுபோனேன். ரம்யா முடிச்சைத்தான் பார்த்தாள்.

"சின்னம்மா, இது எங்கம்மா போடுற முடிச்சி. அம்மா வந்தாங்களா?"

நான் எதிர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாவே கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

"பெரியக்கா எந்திரிச்சுட்டாங்ளா? உங்கூட்டுக்கு ஒரு அம்மா வந்து பூவரச மரத்தடியில மூணு மணி நேரமா உக்காந்திருந்தாங்ளே. கூப்புடட்டுங்ளான்னு கேட்டேன். 'வேணாங்க, நைட் ஷிப்ட் பாத்துட்டு தூங்குறாங்க, தானா எழும்பட்டும்'னுட்டாங்க. தண்ணி குடுத்தேன். ராத்திரிக்குள்ள திருப்பூர் பஸ்ஸப் புடிக்கோணும், பண்ருட்டியில தங்கச்சியப் பாத்துட்டுப் போறேன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நானும் பெரியக்கா ஷிப்ட் மாத்திக்கிட்டாங்கன்னு நெனச்சேனுங்."

வள்ளி கேண்டீனில் வேலை பார்த்தவர். அந்தத் துண்டுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். தெரியாத ஆளாக இருந்தால் கேட்டைத் தட்டியிருப்பார். அக்காவின் போனுக்கும் இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறார். அது கேண்டீன் லாக்கரில் அடித்துக்கொண்டிருந்தது. ரம்யாவின் போன் அரிசிக்குள் கிடந்தது. என்னிடம் போன் கிடையாது. ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் அம்மா பரீட்சைப் பணத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அக்கா வந்தார். ரம்யா அழுதுகொண்டே சொன்னாள். அக்கா என் கையைப் பார்த்தார். துண்டு என் கையிலேயே இருந்தது.

"இத யாரு போட்டது?"

"நான்தான்."

"செருப்ப மாட்டு" என்றார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கேண்டீன் புடவையில் மாவு ஒட்டியிருந்தது, அதோடு கிளம்பினார்.

பண்ருட்டி பஸ்ஸில் ரம்யா முன் சீட்டில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் அக்காவும் பின்னால். பஸ் காடாம்புலியூர் தாண்டியது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"தெரியாம செஞ்சிட்டன்க்கா."

"தெரிஞ்சிதான் செஞ்ச. அத வுடு. எதுக்குச் செஞ்ச, அதச் சொல்லு."

"பாக்குறவங்க ஒரு மாதிரி பேசுறாங்கக்கா. யாரு இவ, எதுக்கு வந்தா, எப்பப் போவான்னு..."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ வந்தப்பவும் பேசுனாங்கடி. ஒங்கிட்ட வந்து சொன்னனா?"

அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் எனக்கு அது தெரியும். அந்த வீட்டை என் வீடு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைக்கும்படி அக்கா வைத்திருந்தார். நான் வந்தபோது என்ன பேசினார்கள், யார் பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

பண்ருட்டியில் பலாப்பழ சீசன் முடிந்து பஸ் ஸ்டாண்டு காலியாகக் கிடந்தது. வள்ளியின் தங்கை முந்திரி உடைக்கிற இடத்தைத் தேடிக்கொண்டு போகலாம் என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரம்யா, "அம்மா!" என்று ஓடினாள். வள்ளி ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"ஐயோ அக்கா, நைட்டு முழிச்ச கண்ணோட எதுக்கு வந்த? நான் வந்து தூக்கத்தக் கெடுத்துட்டனா?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் வள்ளிக்கு முன்னால் போய் நின்றேன். நான் யாரிடமும் தலை குனிந்தவள் இல்லை. வயிறு காய்ந்தபோதும் கைமாற்று கேட்டவள் இல்லை. அந்த பஸ் ஸ்டாண்டில் சொன்னேன்.

"யாரும் தூங்கல வள்ளி. அக்கா காலையிலயே வேலைக்குப் போயிட்டாங்க. ஒம்பொண்ண யாரும் பாக்கக் கூடாதுன்னு நான்தான் துண்டு போட்டு வெச்சிருந்தன்."

வள்ளி என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"நான் கூப்புட்டிருந்தா தொறந்திருப்ப இல்ல சின்னக்கா?"

"தொறந்திருப்பன்."

"அப்ப என் வாய்க்கு என்னா வந்துது? மூணு மணி நேரம் எறும்புக்கடி பட்டதுதான் மிச்சம். அந்தப் பூவரச மரத்தடியில எவ்ளோ எறும்பு! ஒரு நாளு மருந்து போட மாட்டீங்களா?"

அக்கா முதலில் சிரித்தார். பிறகு ரம்யாவும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வள்ளி பணத்தை எடுத்து மகள் கையில் கொடுத்தார். பிறகு குரலை இறக்கி, "இன்னும் எத்தன நாளுக்குக்கா உனக்கு இந்தப் பாரம்? நான் இஸ்துக்கினு போயிடட்டுமா?" என்று கேட்டார்.

"ஒரு ஷிப்டுக்கு எத்தன பேருக்கு வடிச்சிக் கொட்டுனோம் நீயும் நானும்? எனக்கு ஒரு தட்டு பாரமா?" என்றார் அக்கா. "பரீட்ச எழுதட்டும். எழுதுன பொறவு அவளே சொல்லுவா எங்க போறதுன்னு. நீயும் நானும் சொல்ல வேணாம்."

மறுநாள் காலை பணம் கட்டியாயிற்று. அக்கா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, குவார்ட்டர்ஸைக் கவனிக்கிற டவுன்ஷிப் ஆபீஸுக்குப் போனார். "எங்கூட கேண்டீன்ல வேல பாத்தவங்க பொண்ணு. பரீட்ச எழுதுற வரைக்கும் எங்க வூட்ல இருக்குது. வாடக கீடக ஒண்ணும் இல்ல. எழுதிக்குங்க" என்று அவர்களிடமே சொல்லிவிட்டார். அங்கே இருந்தவர் பெயரை எழுதிக்கொண்டு, சரிம்மா போங்க என்றாராம். ஒரு மாதமாக நான் பயந்து பயந்து துண்டு போட்ட விஷயம் அரை மணி நேரத்தில் முடிந்துபோயிற்று. வரும்போது கடையில் எறும்பு மருந்து வாங்கிவந்து பூவரச மரத்தடியில் தூவினார்.

பச்சைத் துண்டை ரம்யாவுக்குத் தலை துவட்டக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு ரிட்டையர் ஆகும்வரை, நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கினாலும் எங்கள் கேட்டில் துண்டு தொங்கவில்லை. "தூக்கம் போனா நாளைக்கு வரும். வந்தவங்க திரும்பிப் போனா வருவாங்களா?" என்பார். என்னைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. குமரனிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டைப் படித்துத்தான் அவனுக்கே தெரியும்.

ரம்யா இரண்டு பரீட்சையும் எழுதித் தேறினாள். போனில் கூப்பிட்டுத் தொல்லை கொடுத்தவர்கள் மேல் குமரன் கம்ப்யூட்டரிலேயே புகார் எழுதிக் கொடுத்தான். தொல்லை அடங்கியது. அவள் உண்மையில் வாங்கியதைச் சம்பளம் வந்த பிறகு அடைத்துவிட்டாள். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. வந்ததில் இருந்து பதினோராவது மாதம் கிளம்பினாள். பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"பக்கெட்ட வுட்டுட்டுப் போறியேடி" என்றேன்.

"இருக்கட்டும் சின்னம்மா. லீவுல வந்தா எதுல குளிக்கிறது?"

லீவு கிடைத்தபோதெல்லாம் வந்தாள். அந்த பக்கெட்டில்தான் குளித்தாள்.

அக்கா ரிட்டையர் ஆன அன்றைக்கும் ரிலீவர் வந்த பிறகுதான் அடுப்படியை விட்டு வந்தார். மாலை போட்டுக் கூட்டிப்போக எல்லோரும் வாசலில் நிற்க, "அந்தப் பொண்ணு இன்னும் வரல, இரு" என்று நின்றிருக்கிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். நன்றாகத்தான் இருந்தோம். பிறகு அவருக்கு சிறுநீரகம் கெட்டது. ரம்யா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். பகலில் நான், இரவில் ரம்யா, சனி ஞாயிறு குமரனும் மருமகளும். காலையில் ரம்யா கிளம்ப வேண்டிய நேரத்தில் நான் வர ஐந்து நிமிஷம் தாமதமானால்கூட அவள் நகர மாட்டாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டே, "வந்துட்டாளா? அப்ப நீ போய்த் தூங்கு" என்பார் அவளிடம். கடைசியாக அவர் தெளிவாகப் பேசிய பேச்சும் அதுதான். மறுநாள் விடிந்து, நாங்கள் இருவரும் பக்கத்தில் இருக்கும்போதே, சிரமம் இல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

அக்காவுக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்களுக்கும் நன்றி. ரத்தம் கொடுத்த மைன்ஸ் பிள்ளைகளுக்கு நன்றி. கடைசிப் பயணத்துக்கு ஒரு பஸ் பிடித்து வந்த கேண்டீன்காரர்கள், ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தீர்கள் என்று தெரியும், உங்களுக்கு நன்றி. பதினாறு நாளும் சமைத்துக் கொண்டுவந்த கோயம்புத்தூர் அம்மாவுக்கு நன்றி. ஒவ்வொரு வாரமும் ஓசூரில் இருந்து ஓடிவந்த குமரனையும் மருமகளையும் பெற்றவளாகவே வாழ்த்துகிறேன். வள்ளிக்கு நன்றி சொன்னால் சண்டைக்கு வருவார். அதனால் சொல்லவில்லை.

நான் இப்போது புதுச்சேரியில் ரம்யாவின் வீட்டில் இருக்கிறேன். குமரன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், போவேன். பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் இங்கே வந்தேன். பொங்கலுக்கு வள்ளியும் திருப்பூரை விட்டு வந்துவிட்டார். என் தட்டை நான் கழுவுகிறேன், அவர் தட்டை அவர் கழுவுகிறார்.

ரம்யாவுக்கு இந்த மாதம் நைட் ஷிப்ட். போன வாரம் காலையில் வந்து படுத்திருந்தாள். வெளியே மீன்காரம்மா சத்தம், பிள்ளைகள் சத்தம். பாவம், கண் மூடட்டும் என்று ஒரு துணியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். இந்தத் தெருவில் அதற்கு யாருக்கும் அர்த்தம் தெரியாது, இருந்தாலும் கை தானாகப் போயிற்று. உள்ளே இருந்து குரல் வந்தது.

"சின்னம்மா, துணி கிணி போடாத. யாரு வந்தாலும் என்ன எழுப்பு."

துணியை மடித்து வைத்துவிட்டேன்.

புதுச்சேரிப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். எந்த நேரமானாலும் சரி, வாசலில் நின்று கூப்பிடுங்கள். திறப்பேன்.

அக்காவின் தங்கை,
அஞ்சலை